கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த நாள்

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது" என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் தயிர் கடைந்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரம் எப்படிப்பட்டது என்று கடைந்தவருக்குத்தான் தெரியும். தூணோடு மத்தைப் பூட்டி, கயிற்றை மாற்றி மாற்றி இழுத்து, தோள்பட்டை கடுக்கிற வரைக்கும் கடைந்தாலும் வெகுநேரத்துக்கு ஒன்றுமே ஆகாது. வெறும் நுரைதான். அப்புறம் ஒரு கட்டத்தில் மத்தின் சத்தம் மாறும். சளசளவென்று கேட்டது கனத்துப்போகும். பொட்டுப்பொட்டாக வெண்ணெய் மேலே வரத் தொடங்கும். அதைப் பார்த்ததும் கைக்குத் தானாக வேகம் வந்துவிடும். மண்தாழி உடைவதானால் அந்த வேகத்தில்தான் உடையும். எவ்வளவு கிட்ட நின்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்!

நினைத்தது நடக்காமல் போனால் சொல்லிக்கொள்ள நம்மிடம் இப்படி ஒரு பெரிய மூட்டையே இருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சாண் ஏற முழம் சறுக்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதே வாய்தான் இன்னொரு பக்கம், நினைக்காதது நல்லதாக வந்து சேர்ந்ததையும் சொல்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. இந்த இரண்டு வகையையும் ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது, ஒரு வேலை செய்த இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கே போய் நின்று பார்க்கும்போது, திட்டம் கெட்டதைச் சொல்லும் சொற்களுக்குள்ளேயே ஒரு நன்றி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அதைத்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

சொலவடைகளைத் தொகுத்தவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். பெர்சிவல் பாதிரியார் 1842-இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு போட்டார். பிறகு 1874-இல் சென்னையில் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேலே சேர்த்துவிட்டார். 1897-இல் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு நூல் கொண்டுவந்தார். கி.வா. ஜகந்நாதன் தொகுத்த தமிழ்ப் பழமொழிகள் அதையெல்லாம் தாண்டிய பெரும் களஞ்சியம். ஆனால் தொகுப்பில் வரி கிடைக்கும், வரி பிறந்த இடம் கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் இப்போது வாட்ஸ்அப் விளக்கங்கள் புகுந்து விளையாடுகின்றன. ஓர் எழுத்தை மாற்றி, "இதுதான் உண்மையான பழமொழி, நாம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்" என்று தினமும் ஒன்று வருகிறது. பெரும்பாலானவற்றை நான் நம்புவதில்லை. பிள்ளையார் பிடித்த கதைக்கும், பூசை பிள்ளையாரில் தொடங்கி அனுமாரில் முடியும் என்பதால் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஈரக் களிமண்ணை வைத்துக்கொண்டு தும்பிக்கையை நிறுத்தப் படாத பாடு படுகிற பிள்ளைகளைச் சதுர்த்தி அன்று பாருங்கள். தும்பிக்கை சரிந்து வயிற்றில் ஒட்டி, காது ஒன்று விழுந்து, கடைசியில் மிஞ்சுகிற உருவம் எதுவென்று பார்த்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

ஒரு பங்குனி மாதம், நாகப்பட்டினத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து பேருந்து ஏறினேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், ராத்திரியே திரும்பிவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தேன். திருவாரூருக்குள் நுழைவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த ஊர்க் கோயிலின் ஆழித்தேர் ஓடும் நாள். ஊருக்குள் வண்டி போகாது, சுற்றிப் போகிற வழியிலும் நெரிசல், எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது என்று நடத்துநர் சொன்னார். அத்தைக்குப் போன் போட்டேன்.

"என்னடா இது, எல்லாம் ஆக்கி இறக்கிவச்சிட்டு ஒக்காந்திருக்கேன். வெண்ணெ தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கதையால்ல இருக்கு!"

"என்ன அத்தை பண்றது, ஆழித்தேராம். பஸ் போகாதுங்கறாங்க."

போனில் ஒரு கணம் பேச்சே இல்லை. அப்புறம் குரலே மாறிவிட்டது. "ஆழித்தேரா? இன்னிக்கா? அட, கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்குடா. சோறு எங்க போயிடப் போவுது. எறங்கிப் பாத்துட்டு வா."

ஒரே பேச்சில் அத்தை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டார். நடந்தது மாறவில்லை, நின்ற பேருந்து நின்றபடிதான் இருந்தது. எனக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தெம்பு வந்துவிட்டது.

கீழவீதியும் தெற்கு வீதியும் சேருகிற முனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தேர் இன்னும் திரும்பவில்லை. 96 அடி உயரம், 300 டன் எடை என்று படித்திருந்த எண்கள் எல்லாம் கிட்டே போய் அண்ணாந்து பார்க்கும்போது ஒன்றுக்கும் ஆகவில்லை. ஒரு கோபுரம் தெருவில் நடந்து வருகிறது. 1920-களில் தேரோட்டத்தின்போதே பழைய தேர் எரிந்துபோக, புதிதாகச் செய்த தேர் இது. இதுவும் நடுவில் பல வருடம் ஓடாமல் நிலையிலேயே நின்றது. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்து, 1970-இல் மறுபடி வீதிக்கு வந்தது. முன்னால் வடம் பிடித்தவர்கள் "ஆரூரா, தியாகேசா" என்று கத்த, பின்னால் புல்டோசர் தள்ளிக்கொடுக்க, அசைந்து அசைந்து வந்து முனையில் நின்றது.

எல்லோருடைய கண்ணும் தேரின் உச்சியில் இருந்தது. என் கண் மட்டும் சக்கரத்தடிக்குப் போனது, அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆட்களால். அவர்கள் கையில் கட்டை. புளியமரத்தில் செதுக்கிய, ஒரு பக்கம் கனத்து மறு பக்கம் சரிந்து போகும் கட்டை. தேர் உருளும்போது சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிறார்கள். மேலேயிருந்து சைகை வந்ததும் குனிந்து சரியான இடத்தில் கட்டையைச் செருகி, கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் கை இருக்காது. சக்கரம் ஏறியதும் கட்டை நசுங்கி, நார்நாராகப் பிளந்து, பச்சை மரத்தின் வாசனை மூக்கில் ஏறுகிறது. நசுங்கியதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த கட்டைக்குக் கை நீட்டுகிறார்கள். ஒரு தேரோட்டத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். வீதி ஓரம் குவித்தே வைத்திருந்தார்கள்.

அதுதான் முட்டுக்கட்டை.

நல்லது ஒன்று நடக்கவிருந்தால் யாரோ வந்து "முட்டுக்கட்டை போடுகிறார்கள்" என்று நாம் தினம் சொல்கிறோம். செய்தித்தாளில் வாரம் ஒரு தடவையாவது இந்தச் சொல் வராமல் இருக்காது. எப்போதும் வசவாகத்தான் வரும். ஆனால் தேருக்கு வேறு திருப்புவிசை கிடையாது. சக்கரமும் அச்சும் நேரே போகத்தான் செய்யப்பட்டவை. வடம் இழுப்பவர்களால் முன்னே இழுக்க முடியும், அவ்வளவுதான். தேர் ஒரு பக்கம் ஒதுங்கினால், ஒரு சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சாய்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் கட்டையில் பட்டு வழுக்கித் தயங்க, மற்றச் சக்கரம் முன்னேற, முழுத் தேரும் நூல் பிடித்தாற்போல் நடுவீதிக்கு வந்துவிடும். முனையில் திருப்பும்போது தரையில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, கட்டை கொடுத்துக் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். தடுக்கிற கட்டைதான் வழியும் காட்டுகிறது.

தோளில் ஈரத்துண்டோடு ஓரமாக நின்ற ஒரு பெரியவரிடம், "முட்டுக்கட்டைன்னா எல்லாரும் கெட்ட வார்த்தை மாதிரி சொல்றாங்களே ஐயா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டை போடலன்னா தேர் அந்தா, அந்தக் கடைக்குள்ள பூந்து அந்தாண்ட வந்துடும் தம்பி. இழுக்கறதுக்கு ஊரே இருக்கு. நிறுத்தறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுக்கப் போய்விட்டார். இழுக்கிறவர்கள் பெயரால் மட்டும் ஊர் கூடித் தேர் இழுத்தோம் என்று பேசிக்கொள்கிறோம். கட்டை போட்டவர்களின் வேலைப்பெயரை வசவாக்கிவிட்டோம். அன்றைக்கு முழுக்க எனக்கு இது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது, இப்போதும் உறுத்துகிறது. யாருக்காவது முட்டுக்கட்டை என்று எழுத நேரும்போதெல்லாம் அந்த மனிதர்களின் உள்ளங்கைகள் கண்ணுக்குள் வருகின்றன.

தேர் கொடுத்த சொற்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு காரியத்தைத் தொடங்கினால் வடம் பிடிக்கிறோம். பாதியில் விட்டால் தேரை இழுத்துத் தெருவில் விட்டதாகச் சொல்கிறோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்கிறோம். அத்தை சொன்ன கும்பிடப் போன தெய்வமும் இந்த வீதியில் பிறந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. மூலவர் கருவறையைவிட்டு வரமாட்டார். உற்சவர் வருவார். அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குக் கிளம்பியவர், தெருமுனை திரும்பினால் எதிரே தீவட்டியும் நாகசுரமுமாகச் சாமி வந்துகொண்டிருந்தால் என்ன செய்வார்? போகிற வழி அடைபட்டுப் போயிற்று. போன காரியமோ அங்கேயே முடிந்துபோயிற்று. குறுக்கே வந்தது என்ற சொல்லை நாம் பூனைக்கும் வைத்திருக்கிறோம், தெய்வத்துக்கும் வைத்திருக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

சாயங்காலம் கிடைத்த வண்டியில் நாகப்பட்டினம் போனேன். ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்கள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திட்டம் மாறுவது புதிதல்ல. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தால் குறுவை. திறக்க முடியாமல் தண்ணீர் குறைந்த வருடங்களில் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டும். நாள் குறித்து வைப்பதும், அந்த நாள் தள்ளிப்போவதும், தள்ளிப்போனதற்கேற்ற விதை நெல்லைத் தேடுவதும் அங்கே ஆண்டுக்கணக்கு. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதை இந்த வயல்களை வைத்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும்போது சுருட்டிக்கொள் என்கிற மாதிரி ஆகிவிட்டது இப்போது அதன் அர்த்தம். களத்தில் நின்றவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். போரடித்து முடித்த நெல்லை முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே பிடித்து, காற்று வருகிறதா என்று நிற்பார்கள். காற்று வந்தால் பதர் பறந்து மணி காலடியில் விழும். வராவிட்டால் உட்கார்ந்து வெற்றிலை போடலாம், பேசலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. எப்போது வந்தாலும் அது தன் முயற்சியில் வந்ததல்ல என்று அவர்களுக்குத் தெரியும். கொடுக்கப்பட்டதை வீணாக்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வார்த்தையாகத்தான் அதை நான் கேட்கிறேன்.

போய்ச் சேர இருட்டிவிட்டது. ராத்திரியே திரும்புகிற பேச்சுக்கு இடமில்லை. சுட வைத்த சாம்பாரோடு சாப்பிட்டுக்கொண்டே தலைப்பாகை கதையைக் கேட்டேன். அத்தைக்குப் பாரதக் கதை அத்துப்படி. கர்ணன் விட்ட நாகாஸ்திரம் அர்ச்சுனன் கழுத்துக்கு நேரே வருகிறது. கண்ணன் தேரைக் காலால் அழுத்துகிறான். தேர் மண்ணில் இறங்குகிறது, குதிரைகள் மண்டியிடுகின்றன, அம்பு கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. "தேரு அழுந்தினதாலதான்டா தல தப்பிச்சது. அன்னிக்கே கர்ணனுக்கும் தேர்ச்சக்கரம் மண்ணுல அழுந்திச்சு, அவனுக்கு அதுவே எமனாச்சு" என்றார். அழுந்திய தேர் ஒருவனைக் காத்தது, ஒருவனைக் கொன்றது. இதை அத்தை ஒரே மூச்சில் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஏனென்றால் நடந்ததெல்லாம் நல்லதற்கே என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அத்தை வீட்டு ஓடுகள் பறந்தன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லும்போது "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்பார். ஆனால் வேதாரண்யம் பக்கம் உறவுக்காரர்களின் தென்னந்தோப்பு விழுந்ததைச் சொல்லும்போது எந்தச் சொலவடையையும் எடுக்கமாட்டார். தென்னங்கன்றை நாம் தென்னம்பிள்ளை என்கிறோம். பிள்ளை என்று சொல்லி நட்டு, வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவர் முன்னால் நின்று, இதிலும் ஒரு நல்லது இருக்கிறது என்று பேசுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. நன்றி அவரவருக்குத் தானாக ஊற வேண்டியது. அடுத்தவரிடம் கேட்டு வாங்குவதல்ல.

அன்றைக்குத் தங்கியதால் மறுநாள் ஒரு பகல் கையில் இருந்தது. வேதாரண்யம் உப்பளம் பார்க்கப் போனேன். 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தது இங்கேதான். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியோர மரங்களில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே, அங்கே யாரை நினைப்பது? வழிநெடுக இருந்த ஊர்கள் அத்தனையையும் நினைத்திருப்பார்கள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவரிடம் ஓரமாக நின்று பேசினேன். உப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு, கடைசிப் பாத்தியில் பூத்து வரும் உப்பை வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். நான் "உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, உமி விக்கப் போனா காத்தடிக்குது" என்ற சொலவடையைச் சொன்னதும் அவர் பலகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"விக்கப் போறப்ப பெஞ்சாக்கூடப் பரவால்ல தம்பி, மூட்டைய மூடிக்கலாம். பாத்தியில பூத்து நிக்கிறப்ப பெஞ்சா எல்லாம் கரைஞ்சு தண்ணியாப் போயிடும்."

"அப்ப மழைன்னாலே உங்களுக்குக் கோபம்தான் வருமாண்ணே?"

"அப்படிச் சொல்ல முடியுமா? என் மச்சான் மானாவாரி போட்டிருக்கான். அவன் வீட்டுச் சோத்தத்தான் பாதி நாள் நாங்களும் திங்கிறோம். ஐப்பசி பொறந்தா இங்க வேலை ஓஞ்சிடும், நானும் அவனோட வயலுக்குப் போயிடுவேன்."

கோடையில் நடுவே ஒரு மழை அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும் என்றார். அப்புறம் பாத்தித் தரை இளகிப் போயிருக்கும், அதை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். சேறு கலந்தால் உப்பு கறுத்துவிடும், அதனால் அந்த மிதிப்பில்தான் அடுத்த உப்பின் வெள்ளை இருக்கிறது என்று சொல்லி, எப்படி மிதிப்பது என்று வரப்பில் நின்று காட்டினார்.